பழைய காரில் ஸ்டீரிங் கோளாறு: டயரில் தொடங்கி அலைன்மெண்டில் முடிக்கும் முறை

என்னிடம் இருக்கும் 1999 மாருதி 800 ஒரு சமயம் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஸ்டீரிங்கில் கையைத் தளர்த்தினால் போதும், கொஞ்ச தூரத்திலேயே ரோட்டோர வெள்ளைக்கோட்டை ஏறிவிடும். அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை, எந்திரத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு இடத்தில் மறுபடியும் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் எல்லா எண்களும் பச்சையில் இருந்தன, வண்டி இழுத்துக்கொண்டேதான் இருந்தது. டை ராடு எண்டு (ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை ஜாயிண்ட்) இரண்டையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இழுப்பு அப்படியே இருந்தது. கடைசியில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், "முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க தம்பி" என்றார். மாற்றிப் போட்டதும் வண்டி வலது பக்கம் இழுத்தது. கோளாறு ஒரு டயருக்குள், ரப்பருக்கு அடியில் நகர்ந்துபோயிருந்த பெல்ட்டில் (டயரைச் சுற்றி ஓடும் கம்பிப் பட்டை) இருந்தது. அரைமணி நேர வேலையில் தெரிந்திருக்க வேண்டியதற்கு மூன்று வாரமும் இரண்டு நல்ல பாகங்களும் செலவாயின.

அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்த்தாலும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன். ரோட்டைத் தொடும் டயரில் தொடங்கி, பிரேக், ஜாயிண்ட், புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), ஷாக், ராக் (ஸ்டீரிங் திருப்பலைச் சக்கரங்களுக்கு இடவல அசைவாக மாற்றும் பல் தண்டு) என்று மேலே ஏறி, கடைசியாக அலைன்மெண்ட். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வண்டி இழுக்கிறது என்றதும் முதலில் போவது அலைன்மெண்டுக்குத்தான். ஆட்டம் கண்ட ஜாயிண்டோடு வைத்த அலைன்மெண்ட், அடுத்த குழியில் வண்டி இறங்கும் வரைதான் நிற்கும்.

முதலில் கோளாறுக்குச் சரியான பெயர் வையுங்கள்

"ஸ்டீரிங் சரியில்லை" என்று சொன்னால் மெக்கானிக்கால் ஊகிக்கத்தான் முடியும். ஒரே பக்கமாகத் தொடர்ந்து போனால் அது இழுப்பு. இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய், நீங்கள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அது அலைச்சல். ஸ்டீரிங்கைத் திருப்பியும் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காவிட்டால் அது ப்ளே. கையில் உதறினால் நடுக்கம். திருப்பக் கனமாக இருப்பது ஒன்று, திருப்பிய பிறகு தானாக நேருக்குத் திரும்பாமல் இருப்பது வேறொன்று. இந்த ஆறுக்கும் காரணங்கள் வேறு வேறு.

ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதா, திரும்பும்போதா, ஆள் ஏறினால் கூடுகிறதா, வண்டி சூடான பிறகுதான் வருகிறதா. இந்தக் குறிப்பு இருந்தாலே பாதிப் பட்டியலை அடித்துவிடலாம்.

அதிகாலையில், நடமாட்டம் இல்லாத, நல்ல ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக ரோட்டின் நடுப்பகுதியை மேடாகவும் ஓரத்தைச் சரிவாகவும் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், எந்தக் குறையும் இல்லாத வண்டிகூட லேசாக இடது பக்கம் போகும். ரோட்டின் சரிவு எதிர்ப்பக்கமாக இருக்கும் இடம் கிடைத்தால் அங்கேயும் பாருங்கள், அல்லது சமமான பெரிய மைதானத்தில் பாருங்கள். அங்கேயும் அதே பக்கம் போனால்தான் அது வண்டியின் இழுப்பு. காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது மாருதி 800 மாதிரி எடை குறைந்த வண்டி நன்றாகவே ஒதுங்கும். அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் குறை சொல்ல முடியாது.

டயர்: பாதி வழக்குகள் இங்கேயே முடியும்

காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஏர் பாருங்கள். பங்க் வரை ஓட்டிப் போனால் டயர் சூடாகி அழுத்தம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதனால் சொந்தமாக ஒரு கேஜ் வைத்திருப்பது நல்லது. எவ்வளவு என்பதைக் கையேட்டையோ கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரையோ பார்த்து வையுங்கள். எல்லா வண்டிக்கும் 32 பிஎஸ்ஐ ஏற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 12 அங்குலச் சக்கரம் வைத்த சின்ன வண்டிக்கு அது அதிகம். வண்டி குதிக்கும், நேர் ரோட்டில் அலையும்.

அடுத்து டயரின் வயது. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடும் பழைய கார்களில் பட்டன் (டயரின் மேல் உள்ள ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கும், ரப்பரோ இறுகிக் கட்டையாகியிருக்கும். ஆறு வருடம் தாண்டினால் கவனமாகப் பாருங்கள். பத்து வருடம் ஆகிவிட்டால் எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

பிறகு தேய்மானம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் ஏர் அதிகம் வைத்து ஓடியிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் ஏர் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் கேம்பரோ (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) டோவோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) சரியில்லை. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக்கையும் பேலன்சையும் (சக்கரத்தின் எடைச் சமநிலை) சந்தேகப்படுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கை சொல்லும். கம்பி துருத்திக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு மெதுவாக இழுங்கள். பிறகு திரும்ப உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும், மறுதிசையில் ஒவ்வொரு பட்டன் விளிம்பும் ரம்பப் பல் மாதிரிக் கையைப் பிடிக்கும். உள்ளிருந்து வெளியே வரும்போது பிடித்தால் டோ-இன் அதிகம், அதாவது முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே பார்க்கிறது. வெளியிலிருந்து உள்ளே போகும்போது பிடித்தால் டோ-அவுட். அலைன்மெண்ட் எந்திரம் சொல்வதற்கு முன்பே உங்கள் கை சொல்லிவிடும்.

அப்புறம் அந்தப் பெரியவர் சொன்ன சோதனை. முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றி ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினாலோ மறைந்தாலோ காரணம் டயர். மாறாமல் அதே பக்கம் இருந்தால் டயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றாமல், அந்தந்தப் பக்கத்திலேயே முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் போட்டுப் பாருங்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா?

இழுப்பு வண்டி சூடான பிறகு கூடுகிறது என்று உங்கள் நோட்டில் இருந்தால் இதுதான் அடுத்த இடம். பிரேக்கை முடிந்தவரை குறைவாக மிதித்து எட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். புறங்கையை ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

அந்தச் சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் (டிஸ்க்கை இருபுறமும் அமுக்கிப் பிடிக்கும் பாகம்) பிளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை, லேசாகத் திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டியிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். காலால் மிதிக்கும் பலத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வராது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருப்பிடித்து நின்றிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் காலிப்பரை மாற்றிவிட்டு, பழைய ஹோஸோடு அதே இழுப்பை மறுபடியும் வாங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நிப்பிளை மூடிய பிறகு ஆயில் அளவைச் சரிசெய்து, மிதி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

வண்டியைத் தூக்கிப் பார்ப்பது

இதில் சமரசமே கூடாது. சமதரை, கை பிரேக், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து வண்டியை அதன் மேல் இறக்கிவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே தலையை நுழைக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால், பிட் உள்ள ஒரு வொர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 9 மணி, 3 மணி இடத்தில் இரு கையாலும் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுங்கள். குறுகிய, வேகமான அசைவாக இருக்கட்டும். ஆட்டம் தெரிந்தால் உதவிக்கு ஒருவரை அப்படியே ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் டை ராடு எண்டின் மேல் விரலை வையுங்கள். பாதி விரல் ராடின் மேல், பாதி நக்கிளிலிருந்து (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) நீளும் இரும்புக் கையின் மேல். நல்ல ஜாயிண்டில் இரண்டும் ஒரே உடலாக அசையும். தேய்ந்த ஜாயிண்டில் ஒன்று நகர்ந்த பிறகுதான் மற்றது நகரும். அந்த இடைவெளி விரல் நுனியில் ஒரு சின்ன 'டக்' என்று தெரியும், கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தால்கூட. வெளி எண்டு நன்றாக இருந்தால் ராக்கின் ரப்பர் பூட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அதே போல உள் ஜாயிண்டையும் பாருங்கள். பூட் கிழிந்திருந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, ராக்கின் ஆயுள் குறைகிறது என்று பொருள்.

அடுத்து 12 மணி, 6 மணி. ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காமல் தொடர்ந்தால் பால் ஜாயிண்டோ ஸ்ட்ரட்டோ (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்). மாருதி, சான்ட்ரோ மாதிரி மெக்பர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில் கீழ் பால் ஜாயிண்டைப் பார்க்க, சக்கரம் தொங்கும் நிலையில், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கடப்பாரை மாதிரி ஒரு நெம்பு கம்பியை விட்டு மெதுவாக நெம்புங்கள். மேலும் கீழும் ஆட்டம் கண்டால் அந்த வண்டியை ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வெளியே விழும். அதற்குப் பிறகு ஸ்டீரிங்கைப் பிடித்து எந்தப் பயனும் இல்லை.

புஷ்: சின்ன ரப்பர், பெரிய தொல்லை

ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு பக்கம், காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ மறுபக்கம் வண்டி போனால், லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது. புஷ் போய்விட்டது. மாருதி 800இல் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதில் ஸ்டெபிலைசர் பார், வண்டி திருப்பத்தில் சாயாமல் பார்த்துக்கொள்வதோடு, லோயர் ஆர்மை முன்பின்னாக நகராமல் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கிறது. அதனால் பாரின் இரு முனை புஷ்ஷும் நசுங்கினால், பிரேக் பிடிக்கும்போது 'தட்' என்ற சத்தமும் நேர் ரோட்டில் அலைச்சலும் சேர்ந்தே வரும். விலை குறைந்த சாமான்தான். பலர் இதை விட்டுவிட்டு ராக்கைக் குறை சொல்கிறார்கள்.

நெம்பு கம்பியால் ஒவ்வொரு புஷ்ஷையும் லேசாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் நெளிவது இயல்பு. உலோகத்திலிருந்து பிரிந்து வந்தாலோ வெடிப்பில் வெளிச்சம் தெரிந்தாலோ மாற்றுங்கள். புது புஷ் போடும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: லோயர் ஆர்ம் போல்டை வண்டி தொங்கும் நிலையில் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். 'டூப்ளிகேட் புஷ், ஆறு மாசம்கூட வரலை' என்ற புகார்களில் பலவும் இந்த ஒரு தவறால் வருபவை.

பக்கத்திலேயே துருவையும் பாருங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வாழ்ந்த வண்டியென்றால் லோயர் ஆர்ம் மாட்டும் இடத்தையும் ஸ்ட்ரட்டின் தலை உட்காரும் தகட்டையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொதபொதவென்று கேட்டால், புதுச் சாமான் வாங்கும் முன் தகட்டு வேலை.

ஷாக்கும் அதன் தலையும்

வண்டியின் மூலையை அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. மூன்று நான்கு முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆனால் அடங்கிவிட்டது என்பதற்காக நல்ல ஷாக் என்று முடிவு செய்துவிடாதீர்கள். துரு பிடித்து இறுகிய ஷாக்கும் ஆடாது. ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து இடது வலதை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்ப்ரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கிறது.

திருப்பியபின் ஸ்டீரிங் நேருக்கு வராமல் அடம்பிடித்தால் ஸ்ட்ரட்டின் மேலே உள்ள மவுண்ட் பேரிங்கைப் பாருங்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் ஸ்ப்ரிங்கின் மேல் சுருளில் விரலை லேசாக வையுங்கள், சுருள்களுக்கு இடையில் நுழைக்க வேண்டாம். சீராகச் சுழன்றால் நல்லது. முறுக்கிக்கொண்டே போய் 'டொய்ங்' என்று குதித்தால் பேரிங் இறுகிவிட்டது.

ராக், பாக்ஸ், ஸ்டீரிங் ஜாயிண்ட்

சக்கரங்களை நேராக வைத்து, பவர் ஸ்டீரிங் வண்டியானால் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீரிங்கை இரண்டு விரலால் இடம் வலமாக அசையுங்கள். சக்கரம் அசையத் தொடங்கும் வரை ஸ்டீரிங்கின் விளிம்பு எவ்வளவு தூரம் போகிறது? ராக் வைத்த வண்டியில் 30 மில்லிமீட்டருக்கு மேல் போனால் எங்கோ தேய்மானம் இருக்கிறது. பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்டீரிங் ஜாயிண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அசைத்தால், ஆட்டம் அதற்கு மேலா கீழா என்று பிரித்துவிடலாம். ஒரு சுற்றுக்குள் ஓர் இடத்தில் இறுக்கம், ஓர் இடத்தில் லேசு என்று மாறி மாறி வந்தால் இந்த ஜாயிண்ட்தான் துருவேறியிருக்கிறது. ராக் தன் கிளாம்ப் ரப்பரில் அப்படியே பக்கவாட்டில் நகர்கிறதா என்றும் பாருங்கள்.

ராக்கில் ஆட்டத்தைக் குறைக்க ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். "ஒரு சுத்து டைட் வெச்சா சரியாயிடும்" என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை. நேராக ஓடும் நடுப்பகுதிதான் அதிகம் தேயும், ஓரங்கள் தேயாமல் இருக்கும். நடுவில் ஆட்டம் போகுமளவு இறுக்கினால் முழுத் திருப்பத்தில் ராக் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங் திரும்பி வராமல் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த அளவு தேய்ந்தால் ராக்கை மாற்றுவதே வழி.

பிரீமியர் பத்மினி மாதிரி ராக்குக்குப் பதிலாக ஸ்டீரிங் பாக்ஸ் வைத்த வண்டிகளில் கொஞ்சம் ப்ளே பிறப்பிலேயே உண்டு. அங்கே ஜாயிண்டுகளும் அதிகம், எல்லாவற்றின் சிறு சிறு ஆட்டமும் சேர்ந்து கைக்கு வரும். பாக்ஸைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு ஜாயிண்டையும் பார்த்து, கிரீஸ் நிப்பிள் உள்ள இடமெல்லாம் கிரீஸ் அடியுங்கள்.

பவர் ஸ்டீரிங் திடீரென்று கனத்தால் ஆயில் அளவு, பெல்ட், கசிவு. எலெக்ட்ரிக் வகையானால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் முதலில் பாருங்கள், வோல்டேஜ் குறைந்தால் அது உதவியை நிறுத்திக்கொள்ளும்.

நடுக்கம்

80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டித் தொடங்கி, இன்னும் வேகம் போனால் குறையும் நடுக்கம் பேலன்சிங். ஸ்டீரிங்கில் வந்தால் முன் சக்கரம், சீட்டில் வந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். 20, 30இலேயே வண்டி தள்ளாடினால் ரிம் வளைந்தோ டயர் உப்பியோ இருக்கும். பிரேக் பிடித்தால் மட்டும் என்றால் டிஸ்க். ஆக்சிலரேட்டர் மிதித்தால் மட்டும் என்றால் ஆக்சிலின் உள் ஜாயிண்ட். முழுத் திருப்பத்தில் 'டக் டக் டக்' என்றால் ஆக்சிலின் வெளி முனையில் உள்ள சிவி ஜாயிண்ட். விமானம் மாதிரி ஓர் இரைச்சல் வேகத்தோடு கூடி, வலது பக்கம் வளையும்போது அதிகமானால் இடது வீல் பேரிங்.

பின் சக்கரத்தை மறக்காதீர்கள்

ரோட்டில் தண்ணீர் தேங்கிய இடத்தைப் பார்த்து, அதன் வழியாக நேராக ஓட்டி, காய்ந்த பகுதியில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். முன் டயர் தடமும் பின் டயர் தடமும் தெரியும். இரு பக்கமும் பின் தடம் முன் தடத்திலிருந்து ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளேயும் மறுபக்கம் வெளியேயும் இருந்தால் பின் ஆக்சில் கோணலாக நிற்கிறது: புஷ், வளைந்த லிங்க், பட்டை ஸ்ப்ரிங் வண்டியில் உடைந்த சென்டர் போல்டு. வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் மட்டும் சாய்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம். முன்பக்கத்தில் எவ்வளவு அலைன்மெண்ட் செய்தாலும் இது போகாது.

இப்போது அலைன்மெண்ட்

ஏர் சரியாக இருக்கட்டும், டிக்கியில் வேண்டாத சுமை வேண்டாம். செய்வதற்கு முன் ஒரு பிரிண்ட், செய்த பிறகு ஒரு பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். பழைய சின்னக் கார்கள் பலவற்றில் டோவை மட்டும்தான் மாற்ற முடியும். டோ தவறாக இருந்தால் டயர் தேயும், ஸ்டீரிங் கோணலாகும், ஆனால் ஒரு பக்க இழுப்புக்கு அது அரிதாகவே காரணம். இழுப்புக்குக் கேம்பர், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் அளவு) வரிகளில் இடது வலது வித்தியாசத்தைப் பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி அதிகம் வெளியே சாய்ந்த பக்கமும், காஸ்டர் குறைந்த பக்கமும் வண்டி இழுக்கும். அதை மாற்ற அட்ஜஸ்ட்மெண்ட் இல்லாத வண்டியில் வித்தியாசம் கண்டால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. பெரும்பாலும் குழியில் அடிபட்ட லோயர் ஆர்ம் அல்லது ஸ்ட்ரட்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன் டை ராடின் லாக் நட் இறுகியிருக்கிறதா, கேசில் நட் (பள்ளம் வெட்டிய நட்) உள்ள இடமெல்லாம் அது கழலாமல் தடுக்கும் புது காட்டர் பின் போட்டு மடக்கியிருக்கிறதா, ராக்கின் பூட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று குனிந்து நீங்களே பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கி, அதே அதிகாலை ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டி, நோட்டில் பழைய குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.